சும்மா பிடிப்பு

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் அதில் பாதி பொய்யாகிவிடும். நீயாவது முழுச் சுகமாக இருந்தால் போதும் என்றிருக்கிறது. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், பக்கத்தில் உன் அப்பா வேறு காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார், அதனால்தான் கடிதம். உன் அண்ணன் வந்து குளியலறைக் குழாயை மாற்றிவிட்டுப் போனான், திருகுகிற குழாய் இனி அப்பாவுக்கு ஆகாது. சட்டைப் பொத்தானும் நான்தான் போட்டுவிடுகிறேன். அந்த நேரம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார், என் முகம் அவ்வளவு அலுத்துவிட்டதா என்று கேட்டேன், சிரிக்கவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டர் போன வாரம் பார்த்துவிட்டு, கழுத்தில் நசுங்கின நரம்பு இனி மோசமாகாது, ஆனால் போன பலம் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்தே வேலை பார்த்ததால் வந்ததா என்று கேட்டேன். அப்படி அடித்துச் சொல்ல முடியாது, விரல் மரத்துப்போக ஆரம்பித்தபோதே வந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதெல்லாம் கேட்டால், சும்மா பிடிப்புதான் விடு என்பார். அவர் ஆபீசில் மத்தியானம் கொஞ்ச நேரம் எல்லாரும் எழுந்து தோளைச் சுழற்றவும் கழுத்தைத் திருப்பவும் ஒரு பெண்ணை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். உன் அப்பா அதை டான்ஸ் கிளாஸ் என்று கேலி செய்துவிட்டு, மற்றவர்கள் எழுந்து நிற்கிற நேரத்தில் அவர்கள் மேஜைக் கோப்புகளையும் இழுத்துப்போட்டு முடித்துவைப்பாராம். அதில் அவருக்கு ஒரு பெருமை. நாற்காலி என்றே பட்டப்பெயர் வைத்தார்கள், ஓய்வு பெற்ற அன்று அந்த நாற்காலியையே வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். நல்ல மனதோடு செய்ததுதான், யாரையும் குறை சொல்லவில்லை. இப்போது அதில் உட்கார்ந்தால் அவருக்குக் கழுத்து நிற்பதில்லை. துவைத்த துணியை அதன்மேல் குவித்துவைக்கிறேன், பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசும்போது போனைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தாய், நடுவில் விரல்களை உதறினாய். என்னடி என்றதற்கு, சும்மா பிடிப்பும்மா என்றாய். அதே வார்த்தை, அதே அலட்சியம். அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்று சரியாகச் சாப்பிடவில்லை, அவளை எழுந்து நிக்கச் சொல்லு என்று மட்டும் சொன்னார். அதனால் கேலி செய்யாமல் கேள். வேலைக்கு நடுவில் அடிக்கடி எழுந்திரு, தண்ணீர் குடிக்கிற சாக்கிலாவது நட. தோள்களைக் காது வரை தூக்கிப் பின்பக்கமாகச் சுழற்றி இறக்கு. மோவாயை உள்ளே இழுத்துக் கொஞ்சம் நிறுத்து, பிறகு கழுத்தை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பு, சொடக்கு எடுக்காதே. கையை நீட்டி மணிக்கட்டை மேலும் கீழும் மடக்கு, விரல்களை விரித்து மூடு. கம்ப்யூட்டர் கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி அடியில் தடித்த புத்தகங்களை வை. வலித்தால் நிறுத்திவிடு. ஆனால் விரல் மரத்துப்போனால் இதையெல்லாம் செய்துகொண்டு உட்காராதே, டாக்டரிடம் போ. லீவு கிடைக்காது என்று மட்டும் சொல்லாதே, அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டே எனக்கு வயதாகிவிட்டது.

அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் காலையில் வந்து ஒரு ரப்பர் பந்தை அமுக்கச் சொல்கிறாள். அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. இன்னும் பிடிப்பு வரல சார் என்கிறாள். நேற்று அவள் போன பிறகு அப்பா, எதிலயும் பிடிப்பு இல்ல என்றார். பந்தைச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

நீ கைகால் சுகத்தோடு நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. நீ டாக்டரிடம் போனால் அவர் என்ன சொன்னார் என்பதை மறைக்காமல் எழுது. தானும் கையெழுத்துப் போடுவேன் என்று அப்பா அடம்பிடித்தார், பேனாவை விரல்களுக்கு நடுவில் செருகிக் கொடுத்தேன். அப்பா என்று எழுதத் தொடங்கினார், முதல் எழுத்தோடு பேனா விழுந்துவிட்டது. மீதியை நீயே சேர்த்துப் படித்துக்கொள்.

இப்படிக்கு,
அம்மா

அ