கறுப்புக் கட்டம்

நாள் 212. காலை.

நிலாவின் பின்பக்கம், சுரங்க நிலையம். எழுதுவது இசக்கியம்மாள், கன்ட்ரோல் ரூம். காற்று சரி. தண்ணீர் சரி. காபி வழக்கம்போல கழுவின தண்ணி.

இதைக் கண்டெடுக்கிறவங்களுக்கு: இங்கே தூசிதான் எமன். வருஷம் ஒருதரம் டாக்டர் வந்து நெஞ்சைப் பரிசோதிச்சு, ரிப்போர்ட்டை அவங்கவங்க டேப்லெட்டுல மட்டும் போட்டுட்டுப் போவார். அதை ஆபீஸுக்கு அனுப்பணும். நுரையீரல் கணக்கை மறைச்சு அனுப்ப எங்களுக்கு உரிமை உண்டு. மறைக்கிறதுக்கு ஆபீஸ்காரனே ஒரு வெப்சைட் வச்சிருந்தான், யாருக்கும் காட்டமாட்டோம்னு சொல்லி. அதுல மறைச்ச இருமல்காரங்க அத்தனை பேரையும் வேலையை விட்டு நிறுத்தி அடுத்த கப்பல்ல ஊருக்கு ஏத்திட்டான். மறைக்கிறதுக்கு முன்னாடியே அங்க ஒரு காப்பி எடுத்துக்கிட்டிருக்கான், பாவி. திருடன் கையிலயே சாவியைக் குடுத்திருக்கோம்.

அதனால நானே ஒண்ணு செஞ்சேன். இன்னைக்கு முடிஞ்சுது. ப்ரௌசருக்குள்ளயே ஓடும். கோப்பு டேப்லெட்டை விட்டு எங்கேயும் போகாது. விரலால கறுப்புக் கட்டம் இழுத்தா அடியில உள்ள எழுத்தே அழிஞ்சிடும், மூலக் கோப்பும் சேர்ந்து போயிடும். நானே நினைச்சாலும் பார்க்க முடியாது. அதுல எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நாள் 214. மாலை.

முதல்ல சோதிச்சது சூசை அண்ணன். தூத்துக்குடிக்காரர், துளை போடுற மிஷின் ஓட்டுறவர், லேசுல யாரையும் நம்பமாட்டார். வைஃபையை அணைச்சுட்டுத்தான் தொட்டாராம். தூரத்துச் சுரங்கத்துலேருந்து ரேடியோவுல வந்தார்:

"ஏ பிள்ள, நெட்டு இல்லாமலும் ஓடுதே! நெசமாவே எங்கயும் போவல. கையுறையோட இழுத்ததுல கட்டம் கொஞ்சம் பெருசாப் போச்சு. போவட்டும், கூட மறைச்சா நல்லதுதான? இன்னும் ஒரு வருசம் தாக்குப்பிடிச்சா மக நர்ஸிங் முடிச்சிருவா."

நல்லதுதான் அண்ணேன்னு சொன்னேன்.

நாள் 231.

எல்லாரும் இப்ப இதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தருக்குத் தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வருது, ஒருத்தருக்குக் கையெழுத்து தலைகீழா விழுது. வேலை முடிஞ்சு வந்து இதையே நோண்டிக்கிட்டிருக்கேன். கண்ணு எரியுது. ஆபீஸ்லேருந்து செய்தி: "எங்கள் வெப்சைட்டை யாரும் பயன்படுத்துவதில்லையே, ஏன்?" தெரியலைன்னு பதில் போட்டேன்.

நாள் 240. பகல் 1:20.

சுரங்கத்துலேருந்து அசன். சூசை அண்ணனோட வேலை செய்ற காயல்பட்டினத்துப் பையன்.

"அக்கா, அண்ணன் விழுந்துட்டாரு. உடம்பு அனலாக் கொதிக்குது. கூப்பிட்டாப் பேச்சு மூச்சில்ல."

இங்கேருந்து வண்டியில போனா சாயங்காலம் ஆயிடும். பூமிக்குப் பேசுற சாட்டிலைட் ரிப்பேர், நாளைக்குத்தான் வரும். வந்ததும் போகட்டும்னு அண்ணன் வீட்டுக்கு ஒரு செய்தி எழுதி வரிசையில போட்டேன். அங்க இருக்கிறது ஒரு மருத்துவ மிஷின் மட்டும். அதோட கேள்வி என் திரையில வந்துச்சு:

"நுரையீரலில் தொற்று. பெனிசிலின் ஊசி தேவை. ரிப்போர்ட்டில் அலர்ஜி எதுவும் காணப்படவில்லை. அனுமதிக்கிறீர்களா?"

அண்ணன் மறைச்சு அனுப்பின ரிப்போர்ட் நிலையத்துல இருந்துச்சு, அதைத் திறந்தேன். முதல் பக்கத்துல பாதி கறுப்பு. நுரையீரல் கணக்கு நாலு வரிதானே? மிச்சம் என்ன இருந்துச்சு?

"அவரு டேப்லெட்டுல பழசு இருக்காதாக்கா?"

இருக்காது. அதையும் அழிக்கிற மாதிரித்தானே செஞ்சு வச்சேன்.

"அக்கா, சீக்கிரம் சொல்லுங்க. மூச்சு இழுக்குது."

அனுமதி குடுத்தேன்.

1:41.

"முகமெல்லாம் வீங்குதுக்கா. தொண்டை அடைக்குது. மிஷின் வேற ஊசி போடுது. அக்கா, கேக்குதா? அக்கா..."

கேக்குது.

நாள் 241.

சாட்டிலைட் வந்துடுச்சு. முதல் செய்தி அண்ணன் வீட்டம்மா ரோஸ்லின்கிட்டேருந்து. காய்ச்சல்னு நேத்து நான் எழுதினது இப்பத்தான் போய்ச் சேர்ந்திருக்கு. அண்ணன் போயிட்டது அவங்களுக்கு இன்னும் தெரியாது.

"தங்கச்சி, அவருக்குப் பெனிசிலின் மட்டும் ஆகவே ஆகாது. சின்ன வயசுல ஒருதரம் செத்துப் பொழச்சவரு. ரிப்போர்ட்டுல முதல் பக்கத்துலயே போட்டிருக்கும், பாத்துக்கிடுங்க."

பதில் அடிக்கிறேன், அழிக்கிறேன். தாயே, இதை நான் எப்படிச் சொல்லுவேன்.

ஆபீஸ்: "மூல ரிப்போர்ட்டை உடனே அனுப்பவும்." மூலத்தையும் அழிக்கிற மாதிரி நான்தான் செஞ்சேன், இல்லைன்னேன். "செய்தவர் நீங்கள்தானே, ஒரு காப்பி வைத்திருப்பீர்களே?" ஒருத்தரும் நம்பமாட்டேங்கிறாங்க.

நாள் 243.

தூங்கல. நான் செஞ்சதை நிறுத்திடலாம்னு நினைச்சேன். நிறுத்தினா எல்லாரும் மறுபடி ஆபீஸ் வெப்சைட்டுக்குத்தான் போகணும். அழிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டுதரம் கேக்கிற மாதிரி மாத்தினேன். கையுறை போட்ட விரல் ரெண்டுதரமும் ஆமான்னுதான் அழுத்தும்.

அசன்:

"கோவிச்சுக்காதீங்கக்கா. நாளைக்கு என் ரிப்போர்ட் போகணும். எனக்கும் இருமல் இருக்கு. உங்க கறுப்புக் கட்டம் இன்னும் ஓடுதா?"

எழுதினேன்: மறைக்கிறதுக்கு முன்னாடி உனக்கு எந்த மருந்து ஆகாதுன்னு என்கிட்டச் சொல்லிடு அசன். நான் இங்க எழுதி வச்சுக்கிறேன். யாருக்கும் காட்டமாட்டேன்.

அசன் பதில்:

"ஆபீஸ்காரனும் அப்படித்தானக்கா சொன்னான்."

ஓடுதுன்னு மட்டும் அனுப்பினேன்.