மூன்றாவது வரி: நினைவில்லை

11-11-91, திங்கள்

விடியலிலிருந்து தூறல். ஏரி முக்கால் நிரம்பிவிட்டது. முருங்கைக் கிளை முறிந்து கூரை மேல். மகன் சேகர் ஷிப்ட் முடிந்து வந்ததும் இழுத்துப் போட்டான்.

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. நிலம் கொடுத்த வீட்டுக்கெல்லாம் பொங்கலுக்கு ஒன்று. பத்து மாதமாகப் பெட்டியில். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் கௌரி எழுதுகிறாள். சேகரின் பெண்சாதி. பி.பி.ஏ. இரண்டாம் வருடம், தபாலில் பாடம் வருகிறது. பரீட்சைக்கு வேகமாக எழுதிப் பழக வேண்டுமாம். எனக்கு மனதில் இருப்பதை எங்காவது இறக்க வேண்டும். சொன்னதைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று பேச்சு. "நீங்க 'இஸ்துகினு வந்தான்'னா நான் 'இழுத்து வந்தான்'னுதான் எழுதுவேன் மாமா" என்றாள். அது மட்டும் சரி என்றேன். எழுதி முடித்ததும் அரிசிப் பெட்டிக்கு அடியில். வேறு யார் கண்ணிலும் படக் கூடாது.

காலையில் வழக்கம்போல் ஊரைச் சொல்லி முடித்தேன். முப்பத்தொரு வருடம் தலையாரி. எழுத்து இல்லாதவன் வாயில்தான் வைத்திருக்க வேண்டும். கிழக்குத் தெரு முதல் வீட்டில் ஆரம்பித்து, யார், யார் பிள்ளை, எந்த மாதம் பிறந்தது, யார் எப்போது போனார்கள். உத்தியோகம் விட்டும் பழக்கம் விடவில்லை. பல் துலக்குவதற்கு முன்னால் ஒரு தரம்.

மதியம் கம்பெனி கேட்டில் லிஸ்ட் ஒட்டினார்கள். ஒயர் கோர்க்கும் லைனுக்குப் பெண்கள். நம் ஊரில் எட்டு பேர் மனு போட்டிருந்தார்கள். ஏழு பேருக்கு வேலை. ஏழுமலை மகள் வசந்தாவுக்கு இல்லை. இருபத்திரண்டு முடிந்திருக்கக் கூடாதாம். அவள் சர்டிபிகேட்டில் 1-6-69.

ஏழுமலை கொடுத்தது அறுபது சென்ட். அவனுக்கு இருந்ததே அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு வேலை என்று வாக்கு. அவனுக்கு வேறு பிள்ளை இல்லை. கல் குவாரியில் இடுப்பு போய் மூன்று வருடம்.

சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தேன். காரணம் நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுதச் சொன்னேன்.


12-11-91, செவ்வாய்

மழை விட்டு வெயில். கௌரி மிளகாய் காயப் போட்டாள். போடப்போட மேகம்.

பத்து மணிக்குப் பாடம் படித்தாள். சத்தமாகப் படித்தால்தான் அவளுக்கு ஏறும். போன வருடம் வரை 'பணியாளர் நிர்வாகம்' என்று பெயராம். இந்த வருடம் அட்டையில் ஒரு சீட்டு ஒட்டி 'மனித வள மேலாண்மை' என்று அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே அதே பாடம். வளம் என்றால் நான் மண்ணைத்தான் நினைத்திருந்தேன். எடுக்க எடுக்கக் குறையும், எரு போட வேண்டும். மனிதருக்கும் சொல்லலாம் போலிருக்கிறது.

ஆளை எடுப்பதற்கு முன்னால் அந்த வேலை என்ன என்று எழுதி வைக்க வேண்டுமாம். என் வேலையை எழுதிப் பார்க்கலாம் என்றாள். சொன்னேன்:

தண்டோரா.
கணக்குப்பிள்ளையின் கணக்குக் கட்டைத் தாலுகா ஆபீசுக்குச் சுமப்பது.
வரி கட்டாதவனைக் கூட்டி வருவது.
போலீஸ் வரும்வரை பிணத்துக்குக் காவல்.
பிறப்பு, இறப்பு போய்ச் சொல்வது.
ஜூன் மாதம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து விடுவது. (இது யாரும் சொன்னதில்லை. நானாகச் செய்தது.)

கடைசியை எழுதியதும் நிறுத்தச் சொன்னேன். அங்கேதான் விஷயம்.

தாய் தகப்பன் அறுப்புக்கும் குவாரிக்கும் போயிருப்பார்கள். பிள்ளையை நான் கூட்டிப் போவேன். பெரிய வாத்தியார் கேட்பார். மாதம் தேதி எல்லாருக்கும் அவர் கணக்கில் ஜூன் ஒன்று. வருடம் நான் சொல்வது. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருடம்.

பேர் பதிந்தால் மதியம் சோறு. ஆகவே பசித்த பிள்ளைக்கு வயதைக் கூட்டிச் சொன்னேன். மாடு மேய்த்துவிட்டு எட்டு வயதில் வந்தவனுக்குக் குறைத்தேன். தெரியாமல் சொல்லவில்லை. எல்லாருடைய நாளும் எனக்குத் தெரியும். தெரிந்தே மாற்றினேன்.

வசந்தா பிறந்தது எழுபதாம் வருடம், தீபாவளி கழிந்து எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை. பள்ளியில் விடும்போது நாலு முடியவில்லை. கை எட்டவில்லை. நான்தான் அவள் தலையைச் சாய்த்து, முழங்கையை மேலே தள்ளிக் காதைத் தொட வைத்தேன். வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிஜத்தில் அவளுக்கு இருபத்தொன்று. வேலைக்குச் சரியான வயது.

கௌரி எழுதவில்லை, என்னையே பார்த்தாள். எழுது என்றேன்.


13-11-91, புதன்

மேகமூட்டம். பால்காரன் வரவில்லை. பால் இல்லாத டீ.

ஏழுமலை வந்தான், கோல் ஊன்றி, வசந்தா பின்னால். அவன் உட்காரவில்லை. கோபமாகப் பேசுவான் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினான்.

"நீதானேண்ணா காத தொட வெச்ச. அன்னிக்கு அந்த சோறு இல்லன்னா இவ இல்ல. நான் மறக்கல. ஆனா அந்த சோறுதான் இப்ப வந்து தொண்டையில நிக்குது."

வசந்தா சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். கம்பெனியில் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்றேன். ஏழுமலை கும்பிட்டான். எனக்கு அது பிடிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு கௌரி பாடத்தை எடுத்து வந்தாள். 'தேர்வு' என்ற அத்தியாயம். விண்ணப்பத்தில் பொய்த் தகவல் இருந்தால், எத்தனை வருடம் கழித்துத் தெரிந்தாலும் வேலையிலிருந்து நீக்கலாம். இரண்டு தரம் படித்துக் காட்டினாள்.

"வசந்தாவுக்கு நீங்கதான் மாத்தி சொன்னீங்கன்னா, வேற யாருக்கெல்லாம் மாத்தினீங்கன்னு கேப்பாங்க மாமா. கேக்கலன்னாதான் அவங்க பாடம் படிக்கலன்னு அர்த்தம்."

நம் ஊர் ஆட்கள் கம்பெனியில் முப்பது பேருக்கு மேல். அதில் என் வாயால் வயது மாறியவர்கள் ஆறு பேர். ஐந்து பேரின் பெயர் இங்கே வேண்டாம். ஆறாவது சேகர். என் மகன். எழுத்தில் இருபத்தொன்று என்று சேர்ந்தான், நிஜத்தில் இருபத்திமூன்று. அவனையும் இரண்டு வருடம் மாடு மேய்க்க விட்டுத்தான் பள்ளியில் போட்டேன்.

சேகரிடம் கௌரி சொல்லிவிட்டாள் போல. சாப்பிட்டு முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. கை கழுவும்போதுதான் பேசினான்.

"நைனா, வசந்தா பாவம்தான். நா இன்னா பாவம் பண்ணேன்? எனக்கு தேதி தெரியுமா? நீ சொன்ன, நா எழுதிக் குடுத்தேன்."



முதலில் அவனுக்கும், பிறகு ஊருக்கும் என்ன செய்து வைத்திருக்கிறேன். சோறு போட்டேன் என்று இத்தனை வருடம் ஒரு பெருமை உள்ளுக்குள். வெளியே காட்டியதில்லை. இருந்தது.


14-11-91, வியாழன்

தூறல். வேட்டி துவைத்தது காயவில்லை, ஈரத்தோடு கட்டிக்கொண்டேன். பஸ் லேட். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு போலீஸ் ரோட்டில் நிறுத்திப் பார்ப்பது இன்னும் முழுதாக நிற்கவில்லை.

கம்பெனிக்கு மூன்று பேர். நான், வசந்தா, கௌரி. பெர்சனல் ஆபீசர் ஜெயசீலன், திருநெல்வேலிப் பக்கத்து ஆள், சின்ன வயது. போன வருடம் நிலத்துக்கு வாரிசு யார் யார் என்று என்னைத்தான் உட்கார வைத்துக் கேட்டார். ஒரு முழுக் காலை, கையில் காகிதம் இல்லாமல் சொன்னேன். அதிலிருந்து எனக்குப் பேர் கம்ப்யூட்டர். இன்றும் அப்படித்தான் கூப்பிட்டார். "வாரும் கம்ப்யூட்டர், என்ன இந்தப் பக்கம்?"

சொன்னேன். கை, காது, சோறு எல்லாம். சிரிப்பு நின்றுவிட்டது அவருக்கு. கதவைச் சாத்தச் சொன்னார்.

பிறகு கௌரி சொன்னபடியே கேட்டார்.

"வேற யாருக்கெல்லாம் மாத்திச் சொன்னீரு?"

சுவரில் ஒரு கடிகாரம். கௌரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாபகம் இல்லீங்க."

இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. கலெக்டர் கேட்டபோதும் சொன்னதில்லை. வாயில் புதுசாக இருந்தது.

ஆபீசர் பேனாவை மூடினார். "உமக்கா ஞாபகம் இல்ல? சரி. மத்தவங்கள ஞாபகம் இல்லைன்னா, இவளை மட்டும் எப்படி ஞாபகம்? ஒண்ணு எல்லாம் தெரியணும், இல்லாட்டி ஒண்ணும் தெரியக்கூடாது. மேல உள்ளவன் என்னை இதத்தானே கேப்பான்?"

நியாயமான கேள்வி. வசந்தா சர்டிபிகேட்டை மடியிலிருந்து எடுத்து மறுபடி உள்ளே வைத்தாள்.

அப்போதுதான் சொன்னேன். இவளைப் பெற்ற அன்றே கண்ணம்மா செத்தாள். மருத்துவச்சி என்னைக் கூப்பிட்டாள். மணியக்காரரிடம் நான்தான் போய்ச் சொன்னேன், புத்தகத்தில் அவர் எழுதினார். அதனால் ஞாபகம்.

"அப்ப பிள்ளை பிறந்ததும் எழுதியிருக்குமே?"

இல்லை. ஊரில் வழக்கம் அப்படி. பச்சைப் பிள்ளை நிற்குமா என்று பார்த்துத்தான் போய்ச் சொல்வோம். ஏழுமலை அன்று, இதுவும் தாயோடு போய்விடும், இரண்டு தரம் நடக்காதே, சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்றான். நானும் சாவை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளை நின்றுவிட்டது. நான் திரும்பப் போகவில்லை.

ஆபீசர், இறப்புப் பதிவில் பிரசவம் என்று காரணம் எழுதியிருந்தால் நகல் கொண்டு வரச் சொன்னார். சனிக்கிழமை நாலு மணி வரை லிஸ்டை மேலே அனுப்பாமல் வைப்பாராம். இன்னும் உமக்கு ஞாபகம் வந்தாலும் வரலாம் என்றார். 


15-11-91, வெள்ளி

நல்ல மழை. குடை ஒன்று, ஆள் மூன்று.

தாலுகா ஆபீஸ். பதிவு அறையில் இருந்த குமாஸ்தா, இருபது வருடத்துக்கு முந்தின புத்தகம், மழை நாளில் யார் தேடுவது, மனு கொடுத்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள் என்றார். தேட வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன். எங்கள் ஊர்ப் புத்தகம், சிவப்புத் துணி முதுகு, கீழ் மூலை கரையான் அரித்தது. ஐப்பசி மாதம் மூன்று சாவு. இது இரண்டாவது. முதலாவது கோனார் வீட்டுக் கிழவர். சந்தேகமாக எழுந்து போனார். எடுத்து வந்தார். கரையான் மூலை இருந்தது.

வசந்தா தானே படித்தாள். கண்ணம்மா, க/பெ ஏழுமலை, வயது 24, பிரசவத்தில். அந்த வரி மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். குமாஸ்தா கையை எடுக்கச் சொல்லவில்லை.

பிறகு பக்கத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லியா பெரியப்பா?"

"இல்லம்மா. நான் சொல்லல."

அவள் சரி என்று தலையாட்டினாள். திட்டியிருக்கலாம்.

நகல் சாயங்காலம் கிடைத்தது. கோபுர முத்திரை. கௌரி ஜாக்கெட்டுக்குள் வைத்து நனையாமல் கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஒரு கிழவி இடம் கேட்டுச் சண்டை. ஜுரம் மாதிரி எனக்கு. கஷாயம்.


16-11-91, சனி

மழை இல்லை. ஜுரம் விட்டது.

ஆபீசர் நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போதும் என்றார். என் வாக்குமூலத்தை அவரே எழுதினார். மூன்று வரி. கௌரியிடம் கொடுத்து எனக்குப் படித்துக் காட்டச் சொன்னார்.

ஒன்று: வசந்தாவின் பிறந்த வருடத்தைப் பள்ளியில் நான் தவறாகக் கூறினேன்.
இரண்டு: அவள் பிறந்த நாளும் அவள் தாய் இறந்த நாளும் ஒன்றே.
மூன்று: வேறு எவருடைய வயதையும் மாற்றிக் கூறியதாக எனக்கு நினைவில்லை.

மூன்றாவதைப் படித்துவிட்டுக் கௌரி தாளை மேசை மேல் வைத்தாள். ஆபீசர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

"பெரியவரே, நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா இந்த வரியைத்தான் எடுப்பாங்க. சரியாத்தான் இருக்கா?"

கம்ப்யூட்டர் என்று கூப்பிடவில்லை. இனிமேல் கூப்பிட மாட்டார்.

சரி என்றேன். இடது கட்டை விரலை மையில் அவரே பிடித்து உருட்டி வைத்தார். வசந்தாவுக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லிச் சீட்டு.

வீட்டில் சேகர் எனக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தான். அவன் வைத்து எத்தனையோ வருடம். அப்படியே இருந்தது.

இதையும் எழுத வேண்டுமா என்றாள் கௌரி. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்றேன். எழுதினாள்.


18-11-91, திங்கள்

பனி. மழை ஓய்ந்த மாதிரி. விரல் மை இன்னும் போகவில்லை, புளி தேய்த்தும்.

கௌரிக்கு அடுத்த பாடம் வந்தது. ஆளைச் சேர்த்த பிறகு பழக்குவது எப்படி என்று.

ஆறரைக்குக் கம்பெனி பஸ். வசந்தா நீலப் புடவையில், டிபன் பாக்ஸோடு. சேகரும் அதே பஸ். அவன் படியில் தள்ளி நின்று அவளுக்கு வழி விட்டான். ஏழுமலை பஸ் முனை திரும்பும்வரை கோலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

பஸ் போன பிறகு ஊரைச் சொன்னேன். கிழக்குத் தெருவிலிருந்து. கைநாட்டு வைத்தாகிவிட்டதே, அந்த ஆறு வீட்டிலும் நிற்காமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன்.

ஆறும் வந்தது. மாதம், நாள், கிழமையோடு.