பிரசவ வார்டுக்காக நின்றவள்

மார்ச் 4

இன்றும் நாள் முழுக்கத் தொலைபேசி அறைதான். ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, காய்ந்துபோன டோனட், நான். நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நிற்பதென்றால் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவது என்று நினைத்திருந்தேன். மக்கு! வேட்பாளரின் வேலை, பணக்காரர்களைக் கூப்பிட்டு நன்கொடை கேட்பது. நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாத நியூயார்க்காரர்களை.

கட்சி அனுப்பிய ஆலோசகர் பிரஸ்டன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். "தொகையைச் சொல்லுங்க நோரீன். சொல்லிட்டு வாயை மூடிக்கங்க. யார் முதல்ல பேசறாங்களோ அவங்க தோத்தாங்க."

பிரசவ வார்டில் நர்ஸாகக் காலம் தள்ளியவள் நான். என்னைப் போய் வாயை மூடச் சொல்கிறார்!

மார்ச் 9

சர்ச் ஹாலில் என் கூட்டம். டிவிக்காரர்கள் வரவில்லை. நிருபர் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உங்க விளம்பரம் எங்க சேனல்ல ஓடலையே. ஜனங்களுக்கு உங்களைத் தெரியாது. தெரியாதவங்க செய்தியை யார் பார்ப்பா?"

நான் நிற்பது ஒன்றே ஒன்றுக்காக. எங்கள் ஆஸ்பத்திரியை வாங்கிய கம்பெனி ஜூலையில் பிரசவ வார்டை மூடப்போகிறது. அப்புறம் இரண்டு மணி நேரம் காரில் போக வேண்டும். என் மகள் ஷெல்பிக்கு ஆகஸ்டில் நாள். இது செய்தி இல்லையாம்.

மார்ச் 17

கெடுத்தேன். நானே கெடுத்தேன்.

ஆல்டன் ரூர்க் என்று ஒரு பெரும் பணக்காரர். தொகையைச் சொன்னேன். அந்தப் பக்கம் மௌனம். எனக்குப் பொறுக்கவில்லை — வார்டு, ஷெல்பி, அந்தக் கம்பெனியை வாஷிங்டனுக்கு இழுத்து விசாரிக்கப்போவது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

பிரஸ்டன் முகத்தில் ரத்தமே இல்லை. "அந்தக் கம்பெனியில பெரிய பங்கு அவரோடதுதான்."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"தொகையோட நிறுத்தியிருந்தா கொடுத்திருப்பார். அவர் எல்லாக் கட்சிக்கும் கொடுக்கறவர்."

அந்த ஆளிடம் வாங்கிக்கொண்டு அவனையே எதிர்ப்பேனாமா? என்ன பிழைப்பு இது?

ஏப்ரல் 2

'நெப்ராஸ்கா தாய்மார் குழு' என்ற பெயரில் டிவியில் விளம்பரம். என் புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டு, "நோரீன் டீக் ஜெயித்தால் உங்கள் ஆஸ்பத்திரி மூடப்படும்" என்கிறார்கள். அந்தக் குழுவில் எந்தத் தாய் இருக்கிறாளோ, கடவுளுக்கே வெளிச்சம். பணம் ரூர்க்குடையது என்கிறார் பிரஸ்டன். பதில் விளம்பரம் போட எங்களிடம் காசில்லை.

ஏப்ரல் 5

மறுபடி அதே விளம்பரம். வானிலைச் செய்திக்கு முன்னும், பின்னும்.

ஏப்ரல் 20

மளிகைக் கடையில் வெர்னா. அவளுடைய இரண்டு பிரசவத்திலும் கூடவே இருந்தவள் நான்.

"ஏன் நோரீன், நம்ம ஆஸ்பத்திரியை மூடப்போறியாமே?"

"மூடறது நான் இல்லடி! அதைத் தடுக்கத்தான் நிக்கிறேன்!"

"டிவில அப்படித்தானே சொல்றாங்க."

"என்னை உனக்குத் தெரியாதா வெர்னா?"

"தெரியும். அதான் வருத்தமா இருக்கு."

காரில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வாங்க வந்த பாலை வாங்கவே இல்லை.

மே 12

தோற்றேன். என் தெருவில்கூட எனக்கு ஓட்டு விழவில்லை. "விடு நோரீன், தலைபோகிற விஷயமா?" என்றார் என் கணவர் டுவேன். ஷெல்பி அடுத்த அறையில் இருந்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

ஜூலை 1

வார்டைப் பூட்டிவிட்டார்கள். நர்ஸ்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். டிவி வரவில்லை.

ஆகஸ்ட் 19

மூன்று நாளாக எழுத முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சோளக்காட்டு நடுவே ஒரு பெட்ரோல் பங்கில், எங்கள் வண்டியின் பின்சீட்டில், என் பேத்தியை நானே வாங்கினேன். குழந்தை நன்றாக இருக்கிறது. ஷெல்பிக்கு ரத்தம் நிற்கவில்லை. என் கையில் இருந்தது இரண்டு டவல்கள்தான். ஹெலிகாப்டர் வந்து கொண்டுபோனது. கர்ப்பப்பையை எடுத்துத்தான் பிழைக்க வைத்தார்கள். அவளுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்?

நேற்று டிவி வந்தது, அதே நிருபர் பெண். வார்டை ஏன் மூடினார்கள், யார் மூடினார்கள் என்று நிறுத்தாமல் சொன்னேன். அவளும் தலையாட்டிக்கொண்டே பதிவு செய்தாள்.

இன்று மாலை ஒளிபரப்பினார்கள். 'நெடுஞ்சாலையில் பிறந்த குட்டி தேவதை'. பங்க் ஊழியரின் சிரிப்பு, குழந்தையின் விரல்கள், "பொண்ணு நல்லா இருக்கா" என்று நான் சொல்வது. அவ்வளவுதான்.

உடனே வெர்னா கூப்பிட்டாள். "டிவில பாத்தேன் நோரீன். எவ்வளவு அழகான செய்தி! சந்தோஷத்துல அழுதுட்டேன்டி."

தேங்க்ஸ் என்றேன்.