மௌன வாரம்

பிப்ரவரி 2
மத்திய வங்கியில் வட்டிக் கூட்டத்துக்கு முந்தைய ஏழு நாளும் எங்களுக்கு மௌன வாரம். வட்டியைப் பற்றிப் பெற்ற தாயிடம்கூட மூச்சு விடக்கூடாது. எனக்கென்ன கஷ்டம்? இந்தக் குடியிருப்பில் என்னோடு பேசுவது லிஃப்ட் மட்டும்தான்.

பிப்ரவரி 7
தம்பி விடாமல் கூப்பிடுகிறான். எடுக்கவில்லை. உருளைக்கிழங்கு அறுவடை நேரம்; கடன் வாங்கித்தான் தன் குளிர்பதனக் கிடங்கை நிரப்புவான். என்ன கேட்பான் என்று தெரியும். எடுத்தால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

பிப்ரவரி 9
விலைவாசியை அடக்க வட்டியை ஏற்றினோம். நானும் கை தூக்கினேன். சாயங்காலம் அவனைக் கூப்பிட்டேன்.

"நீ எடுக்கலேன்னதும் ஏறாதுன்னு நினைச்சுட்டேன்க்கா. ஏறுறதா இருந்தா அக்கா எப்படியாவது சொல்லிடுவான்னு... நேத்துதான் கடனுக்குக் கையெழுத்துப் போட்டேன்."

வைத்துவிட்டான். நான் என்ன செய்திருக்க முடியும்? விதி விதிதானே? அப்புறம் ஏன் சாப்பாடு இறங்க மாட்டேங்குது?

ஏப்ரல் 20
உருளைக்கிழங்கு விலை பாதியாகிவிட்டது. "மருந்து வேலை செய்யுதும்மா" என்று வங்கித் தலைவர் இனிப்பு கொடுத்தார். மருந்தாவது மண்ணாங்கட்டியாவது. வட்டி தாங்காமல் தம்பியும் அவனைப் போன்றவர்களும் சரக்கை வந்த விலைக்குத் தள்ளுகிறார்கள். பிந்தைய மாதங்களுக்குக் கிடங்குகளில் என்ன மிஞ்சும் என்று தலைவரிடம் கேட்டேன்.

"குடும்பக் கதையை இங்க கொண்டு வராதீங்க" என்றார்.

ஜூன் 11
கூப்பிட்டேன். தம்பி இன்றும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 28
கிடங்குகள் காலி, விலை மூன்று மடங்கு. தெருமுனைக் கடையில் ஒரு அம்மாள் எடுத்த கிழங்கில் பாதியைத் திருப்பிக் கொட்டினாள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "பேங்க்ல பெரிய வேலைதானேம்மா உங்களுக்கு, விலை எப்பதான் இறங்கும்?" என்றார். ஒன்றும் வாங்காமல் திரும்பினேன்.

அக்டோபர் 6
மீண்டும் மௌன வாரம். விலை ஏறிவிட்டதாம், வட்டியை இன்னும் ஏற்ற வேண்டுமாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது நான் ஒருத்திதான். ஊதுகிற சங்கை ஊதிவைப்போம்.

அக்டோபர் 8
தம்பி கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். அங்கே மழை உண்டா, முட்டி வலி தேவலையா என்று விசாரித்தான். நானும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். வட்டியைப் பற்றிக் கேட்பான், இந்த முறை சொல்லிவிடுவது, வேலை போனாலும் போகட்டும் என்று காத்திருந்தேன். அவன் கேட்கவில்லை.

வைக்கும்போதுதான் சொன்னான்: "கிடங்கைப் போன மாசமே வித்தாச்சுக்கா. நீ நேரத்துக்குச் சாப்பிடு."