டிக்கியில் இருந்த இடம்

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்புள்ள கருணாகரன் அண்ணனுக்கு,

ஷகீலா எழுதுகிறேன். மெல்போர்னில் நீங்களும் புஷ்பம் அண்ணியும் அஸ்வத்தும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசலாம் என்றால் இவர் எந்நேரமும் பக்கத்திலேயே இருக்கிறார். கை கால்தான் போய்க்கொண்டிருக்கிறதே தவிர காதும் அறிவும் முன்பைவிடக் கூர்மை. இப்போது மகள் மஹ்விஷ் வந்து அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மெட்ரோ வேலைக்காகக் கச்சேரி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நம் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது. மாப்பிள்ளை தௌசீஃப்தான் கடையைத் திறந்து மூடுகிறார். கண்ணாடியின் பொடி ஸ்க்ரூ விரலில் நிற்கமாட்டேன் என்கிறது என்று இவர் முதலில் சொன்னபோது, வயசாகிறது மச்சி என்று நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இப்போது தண்ணீர் டம்ளரும் நிற்பதில்லை. இந்த நரம்பு நோய்க்கு மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னதை உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் டூர் போவதென்று இவர் முடிவு கட்டிவிட்டார். கோடம்பாக்கத்து ஸ்டுடியோ ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை நீங்கள் இருவரும் இழுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உட்கார்ந்து ஓட வைத்தீர்களே, அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில்தான். கன்னியாகுமரி போய், மேற்குக் கடலோரமாக கோவா வரைக்கும். நீங்கள் வந்ததும் போகலாம் என்று காத்திருந்தார். அந்தக் காருக்கு வாட்டர் பம்ப் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும், அது வந்ததும் புறப்படுகிறேன் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அவரால் காத்திருக்க முடியவில்லை. என்னை ஓட்டச் சொன்னார். தௌசீஃபின் சின்னக் காரைத் தவிர நான் வேறெதையும் ஓட்டியதில்லை என்றேன். கியர் எல்லாம் ஒன்றுதான் என்றார்.

அப்புறம் மூட்டை கட்டும் வேலை. இவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எடுத்துவைத்தேன். ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச் கேபிள், பிளக், எஞ்சின் ஆயில், கட்டுக்கம்பி, வண்டியை இழுக்கும் கயிறு. கனமானது கீழே போக வேண்டும், அவசரத்துக்குத் தேவைப்படுவது மேலே இருக்க வேண்டும். ஸ்பேனர்களைத் தனித்தனியாகப் பழைய லுங்கியில் சுற்றச் சொன்னார். அவை ஆடிச் சத்தம் போட்டால், எஞ்சின் சத்தம் மாறுவது காதில் விழாதாம்.

அந்த டிக்கி எவ்வளவு பெரியது என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்டெப்னியும் ஜாக்கியும் வைத்தால் பாதி தீர்ந்தது. நான் அவருடைய யூரின் பாட்டில், கழுத்துத் தலையணை, மருந்துப் பை, குடிக்கும்போது புரையேறாமலிருக்கத் தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடர் டப்பா எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தேன். மூடவில்லை. ஜாக்கியை எடுத்துவிடலாம் என்று நானும், தலையணையை எடுத்துவிடலாம் என்று அவரும் சண்டை போட்டோம். கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தப் பார்த்தார், குரல் வரவில்லை. நான் தலையணையை எடுத்துவிட்டேன்.

போன ஞாயிறு விடிந்ததும் புறப்பட்டோம். தௌசீஃப் அவரைத் தூக்கி உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டார். அடையாறு பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது இவர் கண்ணை மூடிக்கொண்டார். திருவான்மியூர் தாண்டுகிற வரை ஒன்றுமில்லை. கொட்டிவாக்கத்தில் முன்னால் ஏதோ அறுந்த மாதிரி சத்தம் கேட்டது, உடனே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. ஃபேன் பெல்ட்.

அழுகை வந்தது அண்ணா. இவர் முகத்தைப் பார்த்தால் அதில் அப்படி ஒரு சந்தோஷம். போனெட்டைத் திறக்கச் சொன்னார். தலையை என் பக்கம் திருப்ப முடியாமல், ரோட்டைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். டைனமோ போல்ட்டை நெகிழ்த்தவே எனக்கு உயிர் போய்விட்டது. வழியில் போனவர்கள் உதவ வந்தார்கள். வேண்டாம், ஷகீலாவே செய்வாள் என்று இவர் திருப்பி அனுப்பினார். புது பெல்ட்டை மாட்டி முறுக்கினேன்.

“ஒரு விரலால அமுக்கிப் பாரு. லேசா உள்ள போகுதா?”

போனது. தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் முள் மெல்ல இறங்கியது. “இன்னா ஷகீலா, கோவா போயிடலாம் போல கீதே” என்றார். நானும் நம்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் நானும் நம்பினேன்.

நான் கையைக் கழுவிவிட்டுத் திரும்பியபோது இவருடைய தலை நெஞ்சில் தொங்கிக்கிடந்தது. நிமிர்த்தினால் மறுபடி விழுந்தது. வெயில் ஏறிவிட்டிருந்தது. மூச்சு மேலுக்குத்தான் வந்தது. ஸ்பேனர்களைச் சுற்றியிருந்த லுங்கிகளை எல்லாம் உருவி, உருட்டி, கழுத்தைச் சுற்றி வைத்து, என் துப்பட்டாவால் சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். பிறகு, “வூட்டுக்குப் போலாம்” என்றார்.

நடுவழியில் திரும்பலாம் என்று இவர் வாயால் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? வண்டியைத் திருப்பினேன். மயிலாப்பூர் வரை ஸ்பேனர்கள் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தன. அதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூச்சு இழுக்கும் தசைகளும் தளர ஆரம்பித்துவிட்டன என்றார்கள். தொண்டையில் ஓட்டை போட்டு மெஷின் வைக்கலாம், ஆனால் அதன்பிறகு பேச முடியாமல் போகலாம் என்று விளக்கினார்கள். இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மஹ்விஷ் இவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதும் வேண்டாம் என்றே சொன்னார். மெஷின் வைக்காவிட்டாலும் பேச்சு நிலைக்கப்போவதில்லை என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதை இவரிடம் நான் சொல்லவில்லை. தெரிந்துதான் இருக்கும்.

அண்ணா, உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. போன தடவை வீடியோ காலில் நீங்கள் இவர் முகத்தைப் பார்க்காமல் ரேடியேட்டரைப் பற்றியே பேசினீர்கள். இவரும் அதையேதான் பேசினார். போன் வைத்ததும் நீங்கள் அங்கே எழுந்து வேறு அறைக்குப் போயிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே இவர் தன்னைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார்.

நேற்று, கார் நிற்கும் ஷெட்டின் சாவியைத் தௌசீஃபிடம் கொடுத்துவிடச் சொன்னார். கருணாகரன் அண்ணன் வந்தால் போகலாமே என்று ஏதோ ஆறுதலுக்குச் சொன்னேன். வார்த்தை வார்த்தையாக நிறுத்தித்தான் பேச முடிகிறது. “டூர் போலாம்னு கருணாகிட்ட சொல்லாத. வந்தா போதும்னு சொல்லு.” அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மதியத்துக்கு மேல் இவர் சொல்வது எனக்கும் மஹ்விஷுக்கும்தான் விளங்குகிறது, அதுவும் பாதிதான். தூங்கி எழுந்த கொஞ்ச நேரம்தான் பேச்சு தெளிவாக இருக்கிறது. ஆகவே, விடியும்போது சென்னையில் இறங்குகிற விமானமாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள், குளியல், சாப்பாடு எல்லாம் இங்கே பார்த்துக்கொள்ளலாம். அல்லாஹ் உங்கள் பயணத்தை லேசாக்கி, சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
தங்கை ஷகீலா