பாரில் கிடைத்த மாமனார்

அன்புள்ள ஷோபனா,

நான் சுகம். உனக்கு இருமல் விட்டதா?

நேற்று சாயங்காலம் இங்கே தீவில், அபர்தீன் பஜாரில் மழைக்கு ஒரு பாருக்குள் ஒதுங்கினேன். கோபிக்காதே, லெமன் சோடாதான் குடித்தேன். ஜன்னல் முழுக்க மழை. அந்த அறையே கப்பல் போல மிதந்தது. குடிக்காமலே எனக்குக் கிறங்கியது. எதிரே போதையிலிருந்த தமிழ்ப் பெரியவர் என்னைத் தன் மருமகன் என்றே நினைத்துவிட்டார்.

"எம்பொண்ண எப்ப மாப்ள கூட்டிட்டு வரப் போறீங்க?" என்று அழுதார்.

"ஏதாச்சும் சொல்லிடுங்க பாய், டெய்லி யாரையாவது கேப்பாரு" என்றான் வெயிட்டர்.

"பொங்கலுக்குள்ள கூட்டிட்டு வந்துடறேன் மாமா" என்றேன். சொன்னபின் அது பொய்யாகத் தோன்றவில்லை. இன்று காலையில் ஷாதிபூரில் நமக்கு ஒரு வீடு பார்த்துவிட்டேன்.

உன் ஆதார் நகலை அனுப்பு, கப்பல் டிக்கெட் போட வேண்டும். தபால்காரர் பையைக் கட்டுகிறார், முடிக்கிறேன்.

உன் குணா