குரல் போவதற்கு முந்தின சாயங்காலம்

என் வாயாடி மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அம்மாவும் தம்பியும் வேளைக்குச் சாப்பிட்டு, படுத்தால் தூக்கம் வருகிற அளவுக்கு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பதாக அம்மா சொன்னாள், பேரனுக்கு இருமல் விட்டதா என்று கேட்க மட்டும் மறந்துவிட்டாளாம், அதை எனக்கு எழுது. போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். அம்மாவோடு அரை மணி நேரம் பேசுகிறாய், போன் என் கைக்கு வந்து என் கரகரப்பு காதில் விழுந்ததும் அழுதுகொண்டே போனை வைத்துவிடுகிறாய். எனக்கு அதில் கோபமில்லை, உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். போன வாரத்திலிருந்து வாயையே திறக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், பேனாவுக்குத் தடை போடவில்லை.

பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன். தொண்டையில் இருக்கிற புற்று குரல்வளையோடு ஒட்டியிருப்பதால் இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் உயிருக்கு உத்தரவாதம் என்கிறார், பிறகு கழுத்தில் வைக்கிற துவாரம் வழியாகத்தான் மூச்சு. கொஞ்ச நாள் கழித்து ஒரு கருவி வைத்துப் பேசலாமாம், அது என் குரலாக இருக்காது. உன் ஊர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாய், அங்கே கேட்டுப் பார்த்த மாப்பிள்ளைக்கும் இதே பதில்தான் கிடைத்ததாம், ஆகவே அவரோடு இதைப் பற்றிச் சண்டை போடாதே. இப்போதே லீவு போட்டுக்கொண்டு ஓடி வரவும் வேண்டாம், நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டும், அப்போது வா.

டிரைவிங் ஸ்கூலைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். வீட்டில் உட்கார முடியாமல் நானும் காரின் பின்சீட்டில் ஏறிக்கொள்கிறேன், இத்தனை வருஷமாகக் கத்திக் கத்தியே ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் இப்போது கையால்தான் பேசுகிறேன், சீட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் மெதுவாகப் போ, இரண்டு தட்டினால் நிறுத்து. மூன்று தடவை டெஸ்டில் தோற்ற தையல்காரம்மா இந்தத் தடவை பாஸாகிவிட்டார். இனிப்பு கொடுத்துவிட்டு, சார் வாயத் திறக்காததுனாலதான் எனக்கு ரிவர்ஸே வந்துச்சு என்றார். அதைக் கேட்டுத் தம்பி ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான், எனக்குத்தான் சிரிக்கவும் அனுமதியில்லை.

நீ அம்மாவிடம் கேட்டதை அவள் மறைக்காமல் சொல்லிவிட்டாள், அப்பா இத்தனை வருஷம் ஜெபம் பண்ணினாரே, அதுக்கு இதுதான் பதிலா என்று. நானும் அதையே கேட்டேன் மகளே. நன்றாகப் பயந்தேன், எழுத வெட்கமில்லை. சோறு இறங்கவில்லை, சவரம் செய்யும்போது கத்தி கழுத்துக்கு வந்ததும் கீழே வைத்துவிட்டேன், பாதித் தாடியோடு நின்றவனைத் தம்பி உட்காரவைத்து மீதியை எடுத்துவிட்டான். போதகர் ஐயா வந்து ஜெபித்துவிட்டுப் போனார், அவர் செருப்பை மாட்டுவதற்குள் பயம் திரும்பி வந்துவிட்டது. அதுவுமல்லாமல் வாய் கட்டிப்போன பிறகு குடும்ப ஜெபத்தை யார் நடத்துவது என்று ஒரு வீம்பு எனக்கு, என் ஜெபம்தான் உனக்குத் தெரியுமே, உலகத்துத் தலைவர்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி நம் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் நீயும் தம்பியும் முழங்காலிலேயே தூங்கிவிடுவீர்கள்.

கல்யாணமான நாளிலிருந்து சத்தமாக ஒரு வார்த்தை ஜெபிக்காத உன் அம்மா, அன்று சாயங்காலம் நான் கையைக் காட்டியதும் வேறு வழியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்டவரே, இவருக்கு வலிக்காமப் பாத்துக்கோங்க, டாக்டரம்மா கையப் பிடிச்சுக்கோங்க, இவர் பேசலேன்னாலும் எனக்குப் பரவாயில்ல, இவரு இருக்கணும், அடுப்புல பால் இருக்கு, ஆமென் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் முழங்காலிலேயே இருந்தேன். சொல்லுவதற்கு என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை, இருந்தாலும் குரல் இல்லை, ஆனாலும் ஆண்டவர் பக்கத்தில் இருந்தார், அதை வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நான் விடாமல் பேசிக்கொண்டிருந்தால்தான் அவர் கேட்பார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஆபரேஷன் எப்படி முடியும் என்று அவர் எனக்கு ஒன்றும் சொல்லிவிடவில்லை, தெரியாதது தெரியாமலே இருக்கிறது, மனம் மட்டும் அடங்கிவிட்டது. மறுநாள் காலையில் நானே சவரம் செய்துகொண்டேன். உனக்கு ஜெபிக்க வரவில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன், சும்மா அவர் முன்னால் உட்கார், கோபத்தோடேயே உட்கார், அவர் தாங்குவார்.

இனி முக்கியமான விஷயம். ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் ஐந்து நிமிஷம் பேசிக்கொள்ளட்டுமா என்று சீட்டில் எழுதி டாக்டரம்மாவிடம் நீட்டினேன், அவர் அதைப் படித்துவிட்டுச் சரி என்றார். அந்த ஐந்து நிமிஷத்தில் உனக்கு எவ்வளவு என்று அம்மாவிடம் எழுதிக் கேட்டேன். எனக்கு எதுக்கு, கல்யாணத்திலேருந்து கேட்டாச்சு, முழுசையும் அவளுக்கே குடுங்க என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆகவே புதன்கிழமை இங்கே விளக்குப் போடுகிற நேரத்துக்கு உன்னைக் கூப்பிடுவேன், உன் பெயரைச் சொல்லி, நீ வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் தலையில் கை வைத்துச் சொல்லும் ஆசீர்வாதத்தைச் சொல்லுவேன், பேரனையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு, அழுது அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உங்கள் மூவரையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. குரல் கரகரவென்றுதான் வரும், கேட்டால் உனக்கு அழுகை வரும், அழுதுகொள் அம்மா, போனை மட்டும் வைத்துவிடாதே.

உன் அன்புள்ள,
அப்பா